சங்கு ஊதினால் வருவாரா

ஜெயபாலுக்கு,

நீ இப்போது தட்டி மறைப்புக்குள் குளித்துக்கொண்டிருக்கிறாய். குவளை வாளியில் இடிக்கிற சத்தம் இங்கே கேட்கிறது. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு அப்பன் பிள்ளைக்குக் கடிதம் எழுதுவது உனக்கு விசித்திரமாகத்தான் இருக்கும். சோறு, தண்ணீர், சாவி என்பதற்கு மேல் நீயும் நானும் பேசிக்கொண்டு வருஷங்கள் ஆகிவிட்டன. அதனால் வாயை விட்டுவிட்டுக் கையைப் பிடித்திருக்கிறேன். முடிக்க எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. ஒரு வரி எழுதுகிறேன், உடனே அதைத் திரும்பப் படிக்கிறேன். நான் எழுதியதை நானே படிக்க முடிகிற சந்தோஷத்தில் அடுத்த வரிக்கு வைத்திருந்த விஷயம் மறந்துபோகிறது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு மிச்சம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நான் மாலை வகுப்புக்குப் போவது உனக்குத் தெரியும். கேன்டீனில் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு நேராக அங்கே போகிறேன். டீச்சர் உன்னைவிடச் சின்னப் பெண். "தாத்தா, எழுத்தைக் கோட்டு மேல உக்கார வையுங்க, துணி மாதிரி தொங்கவுடாதீங்க" என்று அதட்டுவாள். எல்லா எழுத்திலும் எனக்குப் பழைய மாதிரி எழுதுகிற 'லை'தான் பிடித்தது. முன்னால் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் இப்போது என்னால் வேகமாக நடக்க முடிவதில்லை, ஒவ்வொரு பலகைக்கு முன்னும் நின்றுவிடுகிறேன். இத்தனை காலம் மூலைக்கடை என்று நான் சொல்லிவந்த மளிகைக்கடைக்கு ஸ்ரீ வேலவன் ஸ்டோர் என்று ஒரு பெயர் இருக்கிறது. உள்ளே போய்ச் செட்டியாருக்கே அதைப் படித்துக் காட்டினேன். "அது எங்கப்பா காலத்துலருந்து அங்கதான் கீது. இன்னாமோ நீ மாட்டின மாதிரி வந்து சொல்றியே" என்றார். அவர் கிண்டல் செய்ததுகூட நன்றாகத்தான் இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தங்கச் சுரங்கத்தில் கீழே இறங்குகிற வேலை கிடைத்து, மறுநாள் முதல் ஷிப்டு என்றிருந்த சாயங்காலம், நீ சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டே உங்கம்மாவிடம் ஒன்று கேட்டாய். "நான் கீழ இருக்கறப்போ சங்கு ஊதினா, அவரு வருவாராம்மா?" நான் தட்டிக்கு இந்தப் பக்கம் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தேன். தட்டு கழுவுகிற சத்தம்தான் கேட்டது. அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். வாயால் சொல்ல முடிந்திருந்தால் அன்றைக்கே எழுந்து வந்து சொல்லியிருப்பேன்.

நீ ஏன் அப்படிக் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். ஷிப்டு மாறுகிறபோது ஊதுகிற சைரனை நாம் சங்கு என்கிறோம். அது நேரம் தவறி ஊதினால், கீழே பாறை வெடித்து ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். அப்போது இந்த ஊரில் யாரும் வீட்டில் இருப்பதில்லை. உலை கொதித்தால் கொதிக்கட்டும் என்று விட்டுவிட்டு, சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாப்டு வாசலுக்கு ஓடுவார்கள். தன் வீட்டு ஆள் கீழே இல்லாதவர்களும் ஓடுவார்கள். போய் ஒன்றும் செய்ய முடியாது. ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் மேலே வருகிறவரை நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நிற்க வேண்டும். உன் மாமன் குப்பன் கீழே இருந்த அன்று நம் லைனில் எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது. நம் வீட்டுக் கதவை மட்டும் நான் உள்ளே தாழ் போட்டேன். உங்கம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு அதற்கு முன்பே ஓடிவிட்டாள். தன் கூடப் பிறந்தவனுக்காக அவள் வாசலில் நின்றாள், நீ அவள் பக்கத்தில் நின்றாய், நான் வரவில்லை. மறுநாள் காலையில் குப்பனைப் போர்த்தித்தான் கொண்டுவந்தார்கள். "பட்டாளத்துக்காரரு வூட்டுல இன்னா பண்ணிக்கினு இருந்தாரு, தோசை சுட்டுக்கினு இருந்தாரா" என்று யாரோ சொன்னது உன் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து, "ஏம்பா நீ வரல?" என்று கேட்டாய். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் நீ என்னிடம் எதையும் கேட்டதில்லை.

நான் ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டுமானால் காங்கோவைச் சொல்ல வேண்டும். காங்கோ என்றால் உனக்கு யானைக்கூட்டமும், ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற கரையான் புற்றும், மரத்துக்கு மரம் தாவுகிற குரங்கும்தான். சின்ன வயதில் அதைத்தான் உனக்குச் சொன்னேன். எல்லாம் நிஜம்தான். மீதியைச் சொல்லவில்லை.

நான் கீழே இறங்கப் பயந்துதான் பட்டாளத்தில் சேர்ந்தேன். எங்கப்பா இருமி இருமிச் செத்ததைப் பார்த்தவன் நான், கேஜில் கால் வைக்க மனம் வரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது என்றதும் துப்பாக்கியோடு கரண்டியையும் கொடுத்து லங்கருக்கு அனுப்பினார்கள். லங்கர் என்றால் பட்டாளத்துச் சமையல்கட்டு. பட்டாளத்தில் எங்கள் கம்பெனியில் நம் ஊர்க்காரன் இன்னொருவன் இருந்தான், ஊரிகம் மாசிலாமணி. எட்டாவது படித்தவன், எப்போது பார்த்தாலும் யாரையாவது கிண்டல் பண்ணிக்கொண்டிருப்பான். உங்கம்மாவுக்கு என் பெயரில் வந்த கடிதமெல்லாம் அவன் எழுதியது. நான், "நல்லா கீறேன்னு எழுதுடா" என்பேன். அவன் அதை எழுதிவிட்டு, இங்கே உன் புருஷன் போடுகிற சாம்பாரைக் கண்டு எதிரி ஓடிவிட்டான் என்று தன் சரக்கையும் சேர்த்து எழுதுவான். உங்கம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

வெள்ளைக்காரன் விட்டுப்போன நாடு காங்கோ. செம்பு எடுக்கிற ஒரு ஜில்லா மட்டும் நாங்கள் தனி என்று பிரிந்து நின்றது. உள்நாட்டுச் சண்டை மூண்டது. பல தேசத்துப் பட்டாளங்களுக்கும் நீலத் தொப்பி கொடுத்து நடுவில் நிற்கச் சொன்னார்கள். சண்டை போடப் போகவில்லை, நிறுத்தப் போகிறோம் என்று சொல்லி எங்களை அனுப்பினார்கள். நடுவில் நிற்கிறவனை இரண்டு பக்கமும் சுடுவான் என்பது போன பிறகுதான் தெரிந்தது. கப்பலில் ஏறி, பிறகு விமானத்தில் ஏறி, கடைசியில் லாரியில் ஒரு செம்புச் சுரங்க ஊருக்குள் நுழைந்தோம். மாசிலாமணி என் விலாவில் இடித்தான். "டேய், பாருடா. கப்பல்ல ஏத்தி, பிளேன்ல ஏத்தி, கடைசில ஊரிகத்துலயே கொண்டாந்து இறக்கிட்டானுங்க" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. ஷாப்டுக்கு மேலே அதே சக்கரம். வரிசை வரிசையாக லைன் வீடுகள், வீட்டுக்கு ஒரு கதவு. குழாயடியில் குடங்களின் வரிசை. நம் ஊரில் தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிய சயனைட் மேடு வெள்ளையாக இருக்கும், அங்கே கழிவு மேடு கறுப்பாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஷிப்டு மாறுகிற நேரத்தில் சங்கு ஊதியது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினோம். மற்றவர்கள் திரும்பவில்லை.

மூடிக்கிடந்த ஒரு பள்ளிக்கூடம்தான் எங்கள் முகாம். சுற்றிலும் முள்கம்பி, ஜன்னல்களில் மணல் மூட்டை, விளையாட்டு மைதானத்தில் பதுங்குகுழி. கரும்பலகையில் பிள்ளைகளுக்கு எழுதிப்போட்ட கணக்கு அழிக்காமல் இருந்தது, அதற்குக் கீழேதான் நான் அரிசி மூட்டையை அடுக்கினேன். தகர டப்பாவில் மீனும் பாலாடைக்கட்டியும் வரும். பையன்கள் அதைத் தொடாமல் ரசம் கேட்பார்கள். புளி தீர்ந்துபோன பிறகு பச்சைத் தக்காளியைப் பிழிந்து ரசம் வைத்தேன். கம்பிக்கு வெளியே மார்த்தா என்று ஒரு பெண் கீரை கொண்டுவருவாள், மீன் டப்பாவுக்கு மாற்றிக்கொள்வாள். அந்த ஊரில் வயது வந்த பெண்களை மாமா என்று கூப்பிடுவார்கள். அவள் வந்தாலே மாசிலாமணி, "இன்னாடா, மாமா வந்துட்டாங்க, பொண்ணு குடுப்பாங்களா கேளு" என்பான். அவளுக்குப் புரியாது, ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்தே சிரிப்பாள். சோள மாவில் நம் களி மாதிரியே அவர்கள் கிண்டுகிறார்கள், வெள்ளையாக இருக்கும். ஒரு நாள் நான் கிண்டியதைக் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து அவளுக்குக் கொடுத்தேன். வாயில் போட்டுப் பார்த்துவிட்டு என் கரண்டியை வாங்கி, எப்படிச் சுழற்ற வேண்டும் என்று காற்றில் செய்து காட்டினாள். அவள் புருஷன் கீழே வேலை செய்தான். ஷிப்டுக்குப் போகும்போது கம்பி ஓரமாகப் போவான், எங்களைப் பார்த்து விளக்குத் தொப்பியைத் தொடுவான்.

அங்கே சண்டை எப்படி இருந்தது என்று கேட்டால் ஒரு காட்சியைத்தான் சொல்வேன். ஒரு காலையில் மார்த்தாவின் லைனில் ஒன்று விட்டு ஒன்று கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை. ஒரு வீட்டில் அடுப்பில் பானை, பக்கத்தில் உப்பு எடுத்து வைத்திருந்தது. இன்ன ஜாதி என்று பார்த்து ராத்திரியோடு துரத்திவிட்டார்கள். துரத்தியது வேறு ஊர்க்காரன் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன். இரண்டு பேரும் ஒரே ஷிப்டு, ஒரே கேஜ். மார்த்தா இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினாள், பிறகு பிரித்துக் காட்டினாள். நம் ஊரில் தமிழன், தெலுங்கன், கன்னடத்தான் என்று யூனியன் எலெக்‌ஷன் சமயத்தில் பேச்சு வரும்போதெல்லாம் அந்த விரல்தான் என் கண்ணுக்கு வருகிறது. நீ யாரோடு வேண்டுமானாலும் சண்டை போடு, கேஜில் பக்கத்தில் நிற்கிறவன் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்காதே. அவன் சாப்பிட்டானா என்று கேள்.

பிறகு துப்பாக்கிச் சண்டையும் வந்தது. ரோட்டில் மரத்தைப் போட்டு மறித்தார்கள், எங்கள் ஆட்கள் அதை எடுக்கப் போனார்கள், சுட்டார்கள். அதிலிருந்து நிற்கவில்லை. நான் சோற்றுப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சாக்கடை வழியாகக் குனிந்தபடி பதுங்குகுழிக்குக் கொண்டுபோவேன். குண்டு போகிற சத்தத்துக்குப் பழகிவிடலாம் என்று பழையவர்கள் சொன்னார்கள். நான் பழகவில்லை. வெங்காயம் நறுக்கும்போது கத்தி தானாகப் பலகையில் தட்டிக்கொண்டிருக்கும். காலையில், "இன்னிக்காவது உப்பு போடு" என்று சொன்னவனுக்கு மதியம் சோறு கொண்டுபோனால், அவன் இடத்தில் தட்டு மட்டும் இருக்கும். அந்தத் தட்டை என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பக் கொண்டுவந்து கழுவி வைப்பேன். எந்தப் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை, இப்போது கொஞ்சம் படித்த பிறகும் தெரியவில்லை. நானும் சுட்டேன். மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து புகை தெரிந்த இடத்தைப் பார்த்துச் சுட்டேன். யார் மேலாவது பட்டதா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது நல்லது என்று சிலர் சொல்வார்கள். அது நல்லதாக எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை.

மோர்ட்டார் குண்டு விழ ஆரம்பித்ததும் ஊரை நடத்தியவர்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். குண்டு வரப்போகிறது என்று தெரிந்தால் சுரங்கத்துச் சங்கை ஊதுவார்கள், ஜனங்கள் எல்லோரும் வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட வேண்டும். லாரியில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு லைன் லைனாக அதைச் சொல்லிக்கொண்டு போனார்கள். எங்களுக்கும் சொன்னார்கள். நான் அப்போது பருப்பு களைந்துகொண்டிருந்தேன், மாசிலாமணி எதிரில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் சரி என்று தலையை ஆட்டினோம். ஜெயபால், இத்தனை வருஷமாக நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் அதுதான். அந்தக் கம்பெனியில் சுரங்க ஊரில் பிறந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். நேரம் தவறிச் சங்கு ஊதினால் சுரங்க ஊர் ஜனம் எந்தப் பக்கம் ஓடும் என்று எங்களுக்குத் தெரியாதா? எங்கள் அம்மாமார் எங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்களே. ஆனால் அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. பருப்பைக் களைந்தோம், பூண்டை உரித்தோம்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, வெயில் ஏறின பிறகு சங்கு ஊதியது. ஷிப்டு மாறுகிற நேரம் இல்லை. மாசிலாமணி கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தான். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை. லைன் வீடுகளிலிருந்து பெண்கள் வெளியே வந்தார்கள். ஒருத்தியும் உள்ளே போகவில்லை. பிள்ளையை இடுக்கிக்கொண்டு, முந்தியைச் செருகிக்கொள்வது போலத் துணியை இறுக்கிக்கொண்டு, எல்லோரும் ஷாப்டு வாசலுக்கு ஓடினார்கள். மார்த்தாவும் ஓடினாள். அவள் புருஷன் அந்த ஷிப்டில் இருந்தான். நானும் எழுந்து ஓடினேன், மாசிலாமணியும் ஓடினான். யாரும் யோசித்து ஓடவில்லை. "கீழ யாரோ மாட்டிக்கினாங்கடா" என்று அவன் சொன்னது எனக்குக் கேட்டது. முள்கம்பி வாசல் வரை வந்ததும் எனக்கு மட்டும் ஞாபகம் வந்தது, இது நம் ஊர் இல்லை, இது குண்டுக்கு ஊதுகிற சங்கு என்று. நான் நின்றுவிட்டேன். "மாசி, அது இல்லடா, திரும்பி வாடா" என்று கத்தினேன். அவன் திரும்பிப் பார்த்தான். புரிந்துவிட்டது அவனுக்கு, முகத்தில் தெரிந்தது. ஆனால் பெண்கள் எல்லோரும் அங்கே திறந்த வெளியில் கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். அவன் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, போங்க, வூட்டுக்குப் போங்க என்று தமிழிலேயே கத்திக்கொண்டு அவர்களைப் பார்த்து ஓடினான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றேன். வெளியே போகக் கூடாது என்பதுதான் உத்தரவு. நான் செய்தது உத்தரவுப்படி சரி.

குண்டு எங்கே விழுந்தது என்று எழுத வேண்டாம், உனக்குத் தெரியும். புழுதி அடங்கிய பிறகு நாங்கள் போனோம். மாசிலாமணியின் கன்னத்தில் அந்தச் சோப்பு அப்படியே இருந்தது, அதைத் துடைத்தேன். மார்த்தாவை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. செத்தவர்களில் அவள் இல்லை, கீரை கொண்டு வரவும் இல்லை. கீழே இருந்தவர்கள் சாயங்காலம் வழக்கம்போல ஷிப்டு முடிந்து கேஜில் மேலே வந்தார்கள். கீழே ஒன்றும் நடக்கவில்லை. பெண்களுக்காக ஆண்கள் அங்கே நின்று அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மாசிலாமணி செத்துப்போனான் என்று உங்கம்மாவுக்கு நான் எழுதவில்லை. எழுதுகிறவன்தான் செத்துப்போனான். அதற்கப்புறம் எனக்கு எழுதித் தந்தவன் வேறு ஊர்க்காரன், நல்லவன், ஆனால் அவன் கை வழியாக இதைச் சொல்ல எனக்கு வரவில்லை. நல்லா கீறேன்னு எழுது என்றேன். அதையே எழுதினான், வேறு எதுவும் சேர்க்கவில்லை. உங்கம்மா அப்போதே ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்தாளாம்.

ஊருக்குத் திரும்பியதும் ஊரிகத்துக்குப் போய் மாசிலாமணியின் அம்மாவைப் பார்த்தேன். பட்டாளத்திலிருந்து தந்தி முன்பே வந்திருந்தது. அந்த அம்மா முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். "எல்லாரும் குழிக்குள்ள இருந்தாங்களாமே, இவன் எதுக்குப்பா வெளியே போனான்?" என்று கேட்டாள். "சங்கு ஊதுச்சும்மா" என்றேன். வேறு ஊர் அம்மாவாக இருந்தால் அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ போவாம எப்டி இருப்பான்" என்றாள். பிறகு கோபமே இல்லாமல், "நீ எங்கப்பா இருந்தே?" என்று கேட்டாள். "கம்பிக்கு உள்ளே" என்றேன். எழுந்து போய் டீ போட்டுக் கொடுத்தாள். அதைக் குடித்து முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

அதனால்தான் குப்பன் கீழே இருந்த அன்று நான் வரவில்லை. குப்பன் மேல் எனக்குப் பிரியம் இல்லாமல் இல்லை, என் கல்யாணத்தில் எனக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். சங்குச் சத்தம் கேட்டதும் எழுந்தேன், வாசல் வரை வந்தேன். ஷாப்டைப் பார்த்து ஓடுகிற பெண்களைப் பார்த்ததும் என் கண்ணுக்குக் காங்கோவின் அந்தத் திறந்த வெளிதான் தெரிந்தது. கூட்டம் எங்கே கூடுகிறதோ அங்கே விழும் என்று காலுக்கு யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். கதவைத் தாழ் போட்டுவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உன்னையும் உங்கம்மாவையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், திரும்பி வாங்க என்று. யாருக்கும் கேட்டிருக்காது. இதை மன்னிப்புக்காக எழுதவில்லை. அன்று நீ கேட்டபோது இதில் பாதியாவது சொல்லியிருந்தால், இத்தனை வருஷம் ஒரு கோழையின் பிள்ளையாக நீ இந்த லைனில் நடந்திருக்க வேண்டாம். கோழை இல்லை என்றும் நான் சொல்லவில்லை. கோழையா இல்லையா என்பதை நீயே முடிவு செய்துகொள்ள விஷயத்தை உன்னிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல் யானைக் கதையைக் கொடுத்தேன். அதுதான் எனக்கு வருத்தம்.

நீ கேட்டதற்கு, வருவேன் என்று ஒரு வார்த்தை எழுதி முடிக்கலாம் என்று இருந்தேன். அதை எழுதக் கை வரவில்லை. வருவேன் என்று எழுதுவது சுலபம், அதில் கஷ்டமான எழுத்து ஒன்றும் இல்லை. ஆனால் கால் கேட்குமா என்று எனக்கே தெரியாதபோது, உனக்கு எப்படி எழுதித் தருவது? அங்கேயே நிறுத்தி, தாளை மடித்து மசாலா டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். சில நாள் எடுக்கவே இல்லை.

நேற்று மதியம் அதைத் திரும்ப எடுத்தேன். நீ ஷிப்டில் இருந்தாய். தாளைப் பிரித்து, விட்ட இடத்தைத் தேடிப் பேனாவைத் திறந்தேன், வீடு ஒரு உலுக்கு உலுக்கியது. அலமாரியிலிருந்து தட்டு உருண்டு விழுந்தது. பாறை வெடித்தது என்று சொல்ல யாரும் வேண்டியதில்லை, பின்னாலேயே சங்கு ஊதியது. நான் எழுந்தேன். கால் தாழ்ப்பாள் பக்கம்தான் போனது, உன்னிடம் மறைக்கவில்லை. கதவில் கை வைத்துவிட்டேன். உங்கம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள், முந்தானையைச் செருகிக்கொண்டு. ஓடாமல் நின்றுகொண்டிருந்தாள். தன் பிள்ளை கீழே இருக்கும்போது அவள் அங்கே எனக்காக நின்றாள். "வர்றீங்களா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

எப்படி வந்தேன் என்று கேட்டால் தெரியாது. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஷாப்டு வாசலில் அவ்வளவு கூட்டம். திறந்த வெளியைப் பார்க்காமல் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சக்கரம் சுற்றினால் கேஜ் வருகிறது என்று அர்த்தம். தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தேன், பக்கத்து வீட்டு ராணியம்மா, "இன்னா அண்ணே, குளுருதா" என்று தன் போர்வையில் பாதியை என் தோளில் போட்டாள். அவள் புருஷனும் கீழேதான். முதல் கேஜில் நீ இல்லை. அடுத்ததில் ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், உங்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள், நான் பார்த்தேன், அது நீ இல்லை. காலில் அடி, உயிருக்கு ஒன்றுமில்லை என்று ராத்திரி சொன்னாய். அதற்கு அடுத்ததில் நீ வந்தாய், முகமெல்லாம் கரி. உங்கம்மாவைப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய். கிட்டே வந்து என் கையைப் பார்த்தாய். "இன்னாப்பா இது, பேனாவும் கையுமா வந்துகிறே, ஆஜர் போடப் போறியா" என்றாய். ராணியம்மா சிரித்துவிட்டாள். அவள் புருஷன் உனக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். அப்பா என்று நீ என்னைக் கூப்பிட்டு வெகு காலம் ஆகிறது என்பது நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இனிமேல் இந்தக் கடிதம் தேவையா என்று காலையிலிருந்து யோசித்தேன். எனக்கு அடுத்த தடவையும் கால் வரும் என்று சத்தியம் பண்ண முடியாது. ஒரு தடவை வந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும். ஆனால் என் கையால் நானே எழுதிய முதல் கடிதம், பாதியில் விட மனமில்லை. மாசிலாமணி இருந்தால் இதில் இன்னும் நாலு வரி தன் சரக்கைச் சேர்த்திருப்பான். எனக்கு அது வரவில்லை. நாளைக்கு உன் தூக்குச் சட்டியின் அடித்தட்டில் இதை மடித்து வைக்கிறேன், மேல் தட்டில் களி, நடுத்தட்டில் கீரை. கீழே சாப்பிடும்போது இதைப் பிரிக்காதே, மேலே வந்த பிறகு படி.

அப்புறம், நேற்று ஓடி வந்ததில் பேனாவின் மூடி எங்கேயோ விழுந்துவிட்டது. கறுப்பு மூடி, நுனியில் பல் பட்ட தழும்பு இருக்கும். ஷாப்டிலிருந்து வருகிற வழியில் கண்ணில் பட்டால் எடுத்து வா.

அப்பா